இரண்டாம் உரை

எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் பள்ளிவாசல். நினைவு தெரிந்த நாள் முதலாய் நாளுக்கு ஐந்து முறை பாங்கு கேட்டு வளர்ந்தவன் நான். விடியற்காலைப் பாங்குக்கு அம்மா எழுந்து வாசல் தெளிப்பாள். அந்திப் பாங்கு கேட்டால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வீடு திரும்ப வேண்டும் என்பது தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவான சட்டம். நோன்பு மாதத்தில் தூக்குவாளியோடு போய் வரிசையில் நின்று கஞ்சி வாங்கி வந்திருக்கிறேன். அந்தக் கஞ்சியின் மணம்தான் எனக்கு இன்றும் மாலை நேரத்தின் மணம். இவ்வளவு நெருக்கம் இருந்தும், அந்த ஐந்து வேளையும் என்னதான் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரியவில்லையே என்று ஒருநாளும் தோன்றியதும் இல்லை.

போன ஆண்டு அண்ணன் மகள் இளங்கலை முடித்துவிட்டு, சமயங்களைப் பற்றிய மேற்படிப்பில் சேரப் போகிறேன் என்றாள். அண்ணன் முகம் சுருங்கிப் போயிற்று. “அதைப் படிச்சுட்டு என்ன பண்ணப் போற? சோறு போடுமா அது?” என்றார். அண்ணிக்கு வேறு சந்தேகம். “சாமி கும்பிட வீட்டுலயே கத்துக் குடுத்திருக்கோமே, அதுக்குப் போய் பணம் கட்டிப் படிக்கணுமா?” நான் நடுவில் உட்கார்ந்து இருவருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள். “சித்தப்பா, நீங்க இந்தத் தெருவுலயே பொறந்து வளர்ந்தவங்க. பாங்குல என்ன சொல்றாங்கன்னு சொல்லுங்க, பார்ப்போம்.”

என்னால் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு கேள்விக்குப் பிறகு எத்தனையோ நாள் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நினைவுக்கு வந்தவர் நச்சினார்க்கினியர். மதுரைக்காரர், சைவர், 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்பார்கள். திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணி சமண காவியம். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்கள். அதற்கு நச்சினார்க்கினியர் உரை எழுதிச் சமணப் பெரியவர்களிடம் காட்டினாராம். அவர்கள் படித்துப் பார்த்துவிட்டு, இது எங்கள் கொள்கை இல்லையே என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். அவர் சித்தாமூர்ச் சமண மடத்துக்குப் போய், ஆருகத நூல்களை முறையாகப் பாடம் கேட்டு, முழுவதையும் மறுபடி எழுதினாராம். அந்த இரண்டாவது உரையைத்தான் அவர்கள் ஏற்றுக்கொண்டார்களாம். இது செவிவழி வந்த செய்தி. ஓலையிலோ கல்லிலோ சான்று கிடையாது. நடந்திருக்காவிட்டாலும் இப்படி ஒரு கதையைச் சொல்லி வைத்த சமூகத்தின் மீது எனக்கு மதிப்பு கூடுகிறது. பிறருடைய மறையை விளக்க வந்தவன் தமிழில் எவ்வளவு பெரிய புலவனாக இருந்தாலும், அந்த மறையைக் கொண்டு வாழ்கிறவர்கள் ‘ஆமாம், இதுதான் நாங்கள்’ என்று சொல்லும்வரை அவன் வேலை முடியவில்லை என்று நம்மவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

இதே கருத்தை 1950களின் இறுதியில் வில்பிரெட் கான்ட்வெல் ஸ்மித் என்ற கனடா நாட்டு அறிஞர் எழுதினார். ஒரு சமயத்தைப் பற்றிச் சொல்லப்படும் கூற்றை அச்சமயத்தார் தங்களுடையது என்று ஒப்புக்கொள்ள முடியாவிட்டால் அந்தக் கூற்று செல்லாது என்பது அவர் வாதம். மேலைப் பல்கலைக்கழகங்களில் சமய ஆய்வின் போக்கையே அசைத்த வாதங்களில் அது ஒன்று. அவர் 1940களில் லாகூரில் ஆசிரியராக இருந்தவர். இந்துவும் முஸ்லிமும் சீக்கியரும் நூற்றாண்டுகளாகப் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்த நகரம் அது. 1947இல் அந்த நகரம் என்ன ஆயிற்று என்பது நமக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் இருப்பதே புரிதலைத் தந்துவிடாது என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

மீண்டும் சிந்தாமணிக்கு வருகிறேன். 1880இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தவர் உ.வே. சாமிநாதையர். திருவாவடுதுறை ஆதீனத்தின் நிழலில், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டு வளர்ந்த சைவ வித்துவான். அந்த ஆண்டு அந்த ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் அவரிடம், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். ஐயர் அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் கோவைகளுமாக அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் சலனமே இல்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். இல்லை. மணிமேகலை? அதுவும் இல்லை. தமிழிலக்கிய வரலாற்றில் இவ்வளவு பயன் தந்த அவமானம் இன்னொன்று இருக்காது.

ஏட்டைப் பிரித்ததும் ஐயர் திகைத்துப் போனார். தமிழ் புரிகிறது, செய்யுள் நடை புரிகிறது, ஆனால் பொருள் பிடிபடவில்லை. சமணர்களின் உயிர்க் கொள்கையும் வினைக் கொள்கையும் கதியும் அவர் படித்த எந்த நூலிலும் இல்லாதவை. இலக்கணம் எவ்வளவு தெரிந்தாலும் அந்தக் கதவு திறக்காது. கும்பகோணத்திலேயே சமணக் குடும்பங்கள் இருப்பது அப்போதுதான் அவர் கவனத்துக்கு வருகிறது. அங்கே போகிறார். ஒருநாள் ஒரு வீட்டு வாசலில் அலங்காரம் செய்திருக்கிறார்கள். என்ன விசேஷம் என்று கேட்டால், சிந்தாமணியைப் படித்து இன்று பூர்த்தி செய்தோம் என்கிறார்கள். தமிழ்ப் புலவர் உலகம் மறந்து போன நூல் என்று ஐயர் நினைத்துக்கொண்டிருந்தது, நான்கு தெரு தள்ளி ஒரு வீட்டில் பாராயணம் செய்யப்பட்டுக்கொண்டிருக்கிறது!

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் என் நெஞ்சு விம்மும். ஐயர் அந்த வீட்டுத் திண்ணையில் மாணவனாக உட்கார்ந்தார். வேற்றுச் சமய நூலைப் பதிப்பிக்கலாமா என்று தம் பக்கத்தில் எழுந்த முணுமுணுப்புகளையும் கேட்டுக்கொண்டு, 1887இல் சிந்தாமணியை அச்சிட்டார். பிறகு மணிமேகலை. பௌத்தத்துக்குப் போய்க் கேட்கக் கும்பகோணத்தில் வீடு கிடையாது. அதே கல்லூரியில் இருந்த ரங்காசாரியார் பௌத்தம் பற்றிய ஆங்கில நூல்களைத் தாமே படித்து ஐயருக்கு விளக்கிச் சொன்னார். 1898இல் மணிமேகலை வெளிவந்தபோது அதோடு புத்தர் வரலாறும் பௌத்த தருமமும் பௌத்த சங்கமும் பற்றி ஐயரே எழுதிச் சேர்த்தார். ஸ்மார்த்தரான ஐயரும் வைணவரான ரங்காசாரியாரும் ஒரு கல்லூரியில் சந்தித்து, தமிழகத்தில் அணைந்து போயிருந்த ஒரு சமயத்தைத் தமிழ் வாசகனுக்குப் புரியவைத்திருக்கிறார்கள். கல்லூரி என்ற இடம் இல்லாவிட்டால் இந்த மூன்று சமயங்களும் ஒரு மேசையில் கூடியிருக்குமா? மடத்தில் நடந்திருக்காது. மடத்தைக் குறை சொல்லவில்லை. மடத்தின் வேலை வேறு.

ஆனால் அந்தக் கல்லூரியின் பாடத்திட்டத்தில் இதற்கு இடம் இருந்ததா என்றால், கிடையாது. சார்லஸ் உட் 1854இல் அனுப்பிய கல்விக் கொள்கை ஆவணம், பட்டத் தேர்வுகளில் சமய நம்பிக்கை சார்ந்த பாடம் எதுவும் இருக்கக்கூடாது என்றது. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றிடத்திலும் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாக வைத்துப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. சிப்பாய்க் கிளர்ச்சி நடந்த அதே ஆண்டு. சமயத்தில் கை வைத்தால் ஆட்சி ஆட்டம் காணும் என்ற அச்சம் அதன் பின் இன்னும் இறுகிப் போயிற்று. சமயம் பல்கலைக்கழகத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டதற்கு முக்கியக் காரணம் இந்த அச்சம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

விடுதலைக்குப் பின் அரசமைப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமய போதனை கூடாது என்றது. சரியான விதி. அதை எடுத்துவிட்டால் எந்தப் போதனை உள்ளே வரும், எந்தப் பிள்ளை கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்காரும் என்பது ஊகிக்க முடியாததல்ல. ஆனால் போதனை வேறு, ஆய்வு வேறு. அமிர்தசரசில் குருநானக் பெயரில் அமைந்த பல்கலைக்கழகம் தொடர்பாக 1971இல் வந்த வழக்கில், குருநானக்கின் வாழ்வையும் போதனைகளையும் கல்வி நோக்கில் ஆராய்வது சமய போதனை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2002இல் அருணா ராய் வழக்கிலும் ஏறக்குறைய இதே வேறுபாட்டைச் சுட்டியது. அதற்கு வெகு முன்பே, இராதாகிருஷ்ணன் தலைமையிலான 1948–49 பல்கலைக்கழகக் கல்விக் குழு, பட்டப்படிப்பு மாணவர்கள் முதலாண்டில் சமயப் பெரியோர் வாழ்வையும் இரண்டாமாண்டில் மறைநூல் பகுதிகளையும் மூன்றாமாண்டில் சமயத் தத்துவத்தின் அடிப்படைச் சிக்கல்களையும் படிக்கலாம் என்று பரிந்துரைத்திருந்தது. சட்டம் கதவைச் சாத்தவே இல்லை. நாம்தான் தள்ளிப் பார்க்காமல் நின்றுகொண்டிருக்கிறோம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தத்துக்கு ஒரு துறை உண்டு. வைணவத்துக்கு, கிறித்தவத்துக்கு, சமணத்துக்குத் தனித்தனித் துறைகள். இஸ்லாமிய ஆய்வுக்கு ஒரு மையம். ஒரே பல்கலைக்கழகத்துக்குள் இத்தனையும் இருப்பது பெரிய பேறு. ஆனால் அறைகள் அடுத்தடுத்து இருந்தால் மட்டும் போதாது என்பதுதானே என் தெரு எனக்குக் கற்பித்தது. சைவ சித்தாந்தம் படிக்க வந்த பிள்ளை ஒரு பருவமாவது சமணவியல் வகுப்பில் உட்கார வேண்டும். பரபக்கம் என்று தன் நூலில் மறுக்கப்பட்ட கொள்கையை, அதைப் பரபக்கமாக நினைக்காதவர் வாயால் கேட்க வேண்டும். சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் சமணரின் பதிலுக்கு இடம் கிடையாது. வகுப்பறையில் உண்டு.

ஒப்புதல் வாங்குவது மட்டும்தான் ஆய்வா என்றால் அதுவும் இல்லை. மதுரையில் சம்பந்தரிடம் வாதில் தோற்று எண்ணாயிரம் சமணர் கழுவேறியதாகச் சேக்கிழாரின் பெரியபுராணம் சொல்கிறது. சம்பந்தர் காலம் 7ஆம் நூற்றாண்டு, சேக்கிழார் காலம் 12ஆம் நூற்றாண்டு. நடுவே ஐந்நூறு ஆண்டு. சோழ மன்னன் சிந்தாமணியில் மனம் தோய்ந்திருந்தான், அவனை அதிலிருந்து மீட்கத்தான் சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்று இன்னொரு வழக்கும் உண்டு. அப்படியானால் கழுவேற்றத்தை நடந்தபடி எழுதிய சான்று என்று கொள்வதா, 12ஆம் நூற்றாண்டின் ஒரு போட்டியைக் காட்டும் சான்று என்று கொள்வதா? நூலை மட்டும் வைத்துக்கொண்டு சண்டை போட்டால் விடிகிறவரை போடலாம்.

கல்லிடம் கேட்க வேண்டும். மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடிச் சமணர் மலையிலும் ஆனைமலையிலும் 9, 10ஆம் நூற்றாண்டுகளில் வெட்டிய தீர்த்தங்கரர் உருவங்கள் இருக்கின்றன. செய்வித்தவர் பெயரோடு வட்டெழுத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அச்சணந்தி என்ற சமண முனிவரின் பெயர் குன்று குன்றாகத் தென்படுகிறது. தெற்கே கழுகுமலையில் பாறை முழுக்க வரிசையாகச் சமணச் சிற்பங்கள். கொடுத்தவர்களின் ஊரும் பேரும் அடியில். அவர்களில் குரத்தியர், அதாவது சமணப் பெண் ஆசிரியர்களும் உண்டு. அதே மலையில்தான் ஒற்றைக் கல்லில் குடைந்து, முடிக்காமல் விட்ட வெட்டுவான் கோவில் என்ற சிவாலயம். அடிவாரத்தில் முருகன். சம்பந்தருக்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் பாண்டிய நாட்டில் சமணம் தன் பள்ளிகளோடும் ஆசிரியர்களோடும் கொடையாளர்களோடும் இருந்திருக்கிறது என்று கல் சொல்கிறது. கழுவேற்றம் நடக்கவே இல்லை என்று அது சொல்லவில்லை. புராணம் சொல்லும் அளவில் ஒரே நாளில் எல்லாம் முடிந்து போகவில்லை என்று மட்டும் சொல்கிறது. வெற்றி என்று கொண்டாடுகிறவருக்கும் இது கசக்கும், காயமாகச் சுமக்கிறவருக்கும் கசக்கும். இரண்டு பேருக்கும் முன்னால் நின்று இதைப் பதற்றமில்லாமல் பேசக்கூடிய ஓர் இடம் ஒரு நாட்டுக்கு வேண்டாமா? மேடையில் முடியாது. தேர்தல் காலத்தில் நினைத்தே பார்க்க முடியாது.

பள்ளி என்ற சொல்லையே பாருங்கள். சமண முனிவர் தங்கிய இடம் பள்ளி. பிள்ளைகள் படிக்கும் இடம் பள்ளிக்கூடம். முஸ்லிம்கள் தொழும் இடம் பள்ளிவாசல். சேர நாட்டில் சிலுவை நட்ட கோவிலும் பள்ளிதான். படிப்பும் தொழுகையும் தவமும் ஒரே சொல்லில் இருக்கின்றன. அந்தச் சொல்லைத் தினமும் வாயில் வைத்துக்கொண்டு, சமயத்தைப் பல்கலைக்கழகத்தில் படிப்பதா என்று கேட்கிறோம்.

கேட்டுப் பெற்ற பதிலை ஏற்க ஆளில்லாமல் போனதும் உண்டு. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு சமயம் பரப்பத்தான் வந்தார். பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து எழுத்துப் பழகினார். ஏடு ஏடாகச் சேகரித்தார். கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதியனுப்பி, உங்கள் தெய்வங்களைப் பற்றி, நோன்புகளைப் பற்றி, எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டு, வந்த பதில் கடிதங்களை மொழிபெயர்த்து ஹாலே நகருக்கு அனுப்பினார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் பரம்பரை பற்றி ஒரு பெரிய நூலை எழுதி முடித்தார். மும்மூர்த்திகளோடு நிற்காமல் ஐயனாரையும் எல்லையம்மனையும் ஊர்க்காவல் தெய்வங்களையும் அவரவர் இடத்தில் வைத்து எழுதிய நூல். ஹாலேயில் பொறுப்பிலிருந்த பிராங்கே, புறச்சமயத்தை வேரறுக்க அனுப்பினோமே தவிர அதன் அபத்தங்களை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்ற கருத்தில் அதை ஒதுக்கிவிட்டார். சீகன்பால்கு 1719இல், 36 வயதில் தரங்கம்பாடியிலேயே இறந்தார். கையெழுத்துப் படி ஒன்றரை நூற்றாண்டு கிடந்து, 1867இல்தான் சென்னையில் அச்சேறியது.

சீகன்பால்குவைப் புனிதராக்க நான் முயலவில்லை. நம்மவர்கள் இருளில் கிடக்கிறார்கள் என்று கடைசிவரை நம்பியவர் அவர். ஆனாலும் கேட்கத் தொடங்கியபின் அவருடைய எழுத்து மாறியிருக்கிறது. இவர்கள் காட்டுமிராண்டிகள் என்று ஐரோப்பாவில் நினைப்பது தவறு என்று அவரே எழுத வேண்டி வந்தது. அனுப்பியவர்கள் விரும்பியது முதல் உரை. அவர் இரண்டாம் உரைக்குள் பாதி தூரம் நடந்துவிட்டிருந்தார்.

இராதாகிருஷ்ணனுக்கு இது எதிர்த் திசையில் நடந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்த நாளில், வேதாந்தத்துக்கு ஒழுக்கவியல் உண்டா என்று அங்கிருந்த கிறித்தவ ஆசிரியர்கள் எழுப்பிய விமர்சனம் அவரைச் சுட்டது. அந்தச் சூட்டில்தான் வேதாந்தத்தின் ஒழுக்கவியல் பற்றி ஆய்வேடு எழுதினார். 1936இல் ஆக்ஸ்போர்டில் கீழைச் சமயங்களுக்கும் ஒழுக்கவியலுக்குமான பேராசிரியராகப் போய் நின்றவரின் தொடக்கம் அது. வீட்டில் யாரும் கேட்டிராத கேள்வியை வகுப்பில் ஒருவர் கேட்டார். தன் சமயத்தைத் தானே திறந்து பார்க்க வேண்டியதாயிற்று.

நம் ஊரில் பிற சமயத்தைப் பற்றிப் பேச இரண்டு வழிதான் பழக்கம். ஒன்று வசை. அதை விட்டுவிடுவோம். இன்னொன்று, எல்லா மதமும் ஒன்றைத்தான் சொல்கிறது என்ற கனிவான வாசகம். மதநல்லிணக்க விழா தவறாமல் அது வரும். சொல்கிறவர்கள் நல்லவர்கள், நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். இப்போது அது எனக்குச் சோம்பலாகப் படுகிறது. எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டால் பிறகு கேட்க என்ன இருக்கிறது? சமணருக்குப் படைத்தவன் என்று ஒருவன் இல்லை. சைவருக்கு அவனன்றி ஓரணுவும் அசையாது. இஸ்லாத்தில் அவனுக்கு உருவம் கற்பிப்பது பெரும்பிழை. திருவரங்கத்தில் அவன் படுத்திருக்கும் கோலத்தைக் கண்டு கண்ணீர் விடுகிறார்கள். இவற்றை ஒன்று என்று சொன்னால் நான்கு பேரும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், நச்சினார்க்கினியரின் முதல் உரையைப் போல.

அண்ணன் கேட்ட சோற்றுக் கேள்விக்கும் ஒரு வார்த்தை. ஊர்வலப் பாதையை முடிவு செய்யும் அதிகாரி, நோன்பு வைத்திருக்கும் சர்க்கரை நோயாளிக்கு மருந்து நேரம் சொல்லும் செவிலி, கோவில் நுழைவு வழக்கில் வாதாடும் வழக்கறிஞர், கலவரச் செய்தியை இரவு பத்து மணிக்கு எழுதும் உதவி ஆசிரியர்: இவர்கள் ஒவ்வொருவருக்கும் இந்தப் படிப்பு தினம் வேண்டியிருக்கிறது, இல்லாமலே சமாளிக்கிறார்கள். சம்பளம் வருமா என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை என்றேன் அண்ணனிடம். அவர் பதில் சொல்லவில்லை. விண்ணப்பக் கட்டணத்தை மட்டும் கட்டிவிட்டார்.

அவள் சேர்ந்த பிறகு, மார்கழி பிறந்த வாரத்தில் ஒரு மாலை இருவரும் பள்ளிவாசலுக்குப் போனோம். மோதினார் எழுபதைத் தாண்டியவர். என்னைச் சிறுவனாகக் கஞ்சி வரிசையில் பார்த்தவர். கேட்டதும் சிரித்தார். “இத்தனை வருஷத்துல ஒருத்தரும் கேட்டதில்ல தம்பி” என்றவர், திண்ணையில் உட்காரச் சொல்லி ஒவ்வொரு தொடராகச் சொன்னார். இறைவன் பெரியவன் என்பது, சாட்சி சொல்வது, தொழுகைக்கு அழைப்பது, வெற்றிக்கு அழைப்பது. சுபுஹுப் பாங்கில் மட்டும், தூக்கத்தைவிடத் தொழுகை மேல் என்று கூடுதலாக இரண்டு முறை. அம்மா வாசல் தெளிக்க எழுந்தது இந்தச் சொல்லைக் கேட்டுத்தான் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. எங்கள் பக்கத்திலும் இப்படித்தான், மார்கழியில் தூங்குகிறவர்களை எழுப்பிப் பாடுகிறோம், எல்லாம் ஒன்றுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் மகள் என்னைப் பார்த்தாள். நிறுத்திக்கொண்டேன்.

அவரே தொடங்கினார். “மார்கழி பூரா உங்க கோயில்ல நாலரைக்கே பாட்டு போட்டுடுவாங்க. ஒளு செஞ்சுக்கிட்டே கேப்பேன். ஒவ்வொரு பாட்டும் எம்பாவாய் எம்பாவாய்னு முடியுதே, யாரு தம்பி அது?”

“பெண்ணைக் கூப்பிடுறது பாய். பாவைன்னா பெண்.”

“தூங்குற பொண்ணையா? அப்ப எழுந்திரிச்ச பிறகு பாடுற பாட்டுலயும் அதே வருதே. இல்ல, நோன்புக்குப் பாவைன்னு சாமி உருவம் ஏதாச்சும் செஞ்சு வெச்சு அதைக் கூப்பிடுறாங்களா?”

சின்ன வயதிலிருந்து பாடிய சொல். எனக்குத் தெரியவில்லை. அண்ணன் மகள் பையிலிருந்து நோட்டை எடுத்து அவர் கேட்டதை அப்படியே எழுதிக்கொண்டிருந்தாள்.

“கேட்டுட்டு வந்து வெள்ளிக்கிழமை சொல்றேன் பாய்” என்றேன்.

“ஜும்ஆ முடிஞ்சு வாங்க. அதுக்கு முன்ன நேரம் இருக்காது” என்றார்.